நாலாவது பாட்டின் அடியில்

"இது எந்த சின்தசைசர்?" என்று பார்சலோனாவிலிருந்து ஓரியோல் எழுதியிருந்தான்.

எங்கள் ஆல்பத்தின் ஒலிகளை எல்லாம் சேர்த்துக் கடைசியாகச் சீராக்கிக் கொடுப்பவன் அவன். வெள்ளிக்கிழமை வெளியீடு. இன்று சாந்தியாகோ நேரம் மாலை ஆறு மணிக்குள், எந்தப் பாட்டு இருக்கும், எது போகும் என்ற எங்கள் முடிவை அவனுக்குச் சொல்லியாக வேண்டும்.

நாலாவது பாட்டின் அடியில் ஒரு கனத்த பேஸ் ஒலி உருண்டு வருகிறதாம். ஆயுளில் இப்படி ஒன்றைக் கேட்டதில்லையாம். தனியாகப் பிரித்து அனுப்பு என்கிறான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தாளம், கீபோர்டு, கம்ப்யூட்டர் எல்லாம் என் பொறுப்பு. நான் அப்படி எதையும் போடவேயில்லை.

"நீ ஏதாவது வாசிச்சு வெச்சியா?" என்று என்னோடு இதே வீட்டில் இருக்கும் எங்கள் பாடகி ராயேனைக் கேட்டேன்.

அவள் ரொட்டியில் அவகாடோவை மசித்துத் தடவிக்கொண்டிருந்தாள். "பாடினதே பெரும்பாடு, இதுல பேஸ் வேறயா? நல்லதாப் போச்சு யெர்கா. அந்தப் பாட்டையே தூக்கிடு."

மறுபடி ஆரம்பித்துவிட்டாள்.

பத்துப் பாட்டில் உருப்படியானது அது ஒன்றுதான். கும்பியா என்கிற ஆட்டத் தாளத்தில் ஆடவும் வைக்கும், அழவும் வைக்கும். அவள் தன் காதலன் காஸ்பாரைப் போகாதே என்று கெஞ்சுகிற பாட்டு. அவனும் அவளும் சேர்ந்து தொடங்கிய ஆல்பம் இது. பாதியில், ஆகஸ்டில் ஒரு காலை, எட்டு மணி பஸ்ஸில் தெற்கே தெமுகோ ஊருக்குப் போய்விட்டான். அவன் போன கையோடு, எதிரொலி வராமலிருக்கத் துணி அலமாரிக்குள் மைக்கை வைத்து, கோட்டுகளுக்கு நடுவே நின்று, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே மூச்சில் பாடி முடித்தாள்.

"கேக்க வேண்டியவன் ஒரு வார்த்தைகூடக் கேக்கல. ஊர் கேட்டு என்ன ஆகப்போகுது?"

இதைத்தான் மூன்று மாதமாகச் சொல்கிறாள்.

மூன்று மாதமாக எனக்கும் ஒரு திட்டு பாக்கியில்லாமல் கிடைக்கிறது. அன்று காலை நான் வேலைக்குப் போகும்போது வாசல் கதவைத் திறந்துபோட்டுப் போனேனாம். அவள் பாடிவிட்டு வந்து பார்த்தால் கதவு ஆவென்று கிடந்ததாம். எங்கள் பூனை ஒன்பது மாடி இறங்கி ஓடி, மறுநாள்தான் கிடைத்தது. பூட்டினேன் தாயே, பூட்டினேன் என்று தலையில் அடித்துக்கொண்டும் பலனில்லை.

சரி, பேஸ்.

நாலாவது பாட்டைத் திறந்து ஒவ்வொரு ஒலியாக அணைத்துக்கொண்டே வந்தேன். தாளம் போயிற்று. கீபோர்டு போயிற்று. ராயேனின் குரல் மட்டும் மிஞ்சியது.

பேஸ் போகவில்லை. அவள் குரலுக்கு அடியிலேயே உறுமிக்கொண்டிருந்தது.

கூடவே கிலுகிலு என்று ஒரு மெல்லிய சத்தம். அது நான் தாளத்தில் சேர்த்த கிலுகிலுப்பை என்று ஓரியோலிடம் பீற்றிக்கொண்டிருந்தேன். இல்லை. அலமாரியில் கம்பி ஹேங்கர்கள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம்.

ராயேன் மெல்லுவதை நிறுத்தினாள்.

"அட, பூமி ஆடியிருக்குடி!"

பதிவு தொடங்கியது 9:40. நில அதிர்வு மையத்தின் பட்டியலில் அதே நாள், 9:42, நாலு புள்ளி ஆறு. எங்கள் ஊரில் ஐந்துக்குக் கீழே என்றால் யாரும் டீக்கோப்பையைக்கூடக் கீழே வைப்பதில்லை. இவளும் பாட்டை நிறுத்தவில்லை, பிறகு மறந்தும் போனாள்.

வயிறு வலிக்கச் சிரித்தோம். தனியாகப் பிரித்து அனுப்ப வேண்டுமாம், பாவம் ஓரியோல்!

"இன்னொரு தடவை போடு" என்றாள்.

போட்டேன். உறுமல் எழுந்தது, ஹேங்கர்கள் ஆடின. தொடர்ந்து தூரத்தில் ஒரு 'டக்': வாசல் பூட்டு திறக்கிற சத்தம்.

இந்த ஊரில் பிறந்த யாருக்கும் அந்தச் சத்தத்தை விளக்க வேண்டியதில்லை. ஆட்டம் பலக்குமோ என்று தோன்றினால் முதல் வேலை வாசல் கதவைத் திறப்பது. நிலை கோணிக்கொண்டால் கதவு இறுகிவிடும், உள்ளே இருப்பவர் மாட்டிக்கொள்வார். திறந்த கதவை உடனே மூடவும் மாட்டோம், அடுத்த ஆட்டம் வரலாம்.

"பாத்தியா, நீயேதான் திறந்திருக்க. மூணு மாசமா என்னைப் போட்டு..."

"நான் அலமாரிக்குள்ள பாடிக்கிட்டு இருந்தேன், யெர்கா."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

இந்த வீட்டுக்கு மூன்று சாவி. ஒன்று என்னிடம், ஒன்று அவளிடம். மூன்றாவதைக் காஸ்பார் இன்னும் திருப்பித் தரவில்லை.

"அவன் எட்டு மணி பஸ்ஸுல போனான்" என்றாள் ராயேன். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

ஓரியோலுக்கு அனுப்பும் முன் பாட்டின் வாலை நான் வெட்டியிருந்தேன். வெட்டாத பதிவைத் தேடி எடுத்தேன். சத்தத்தை முழுக்க ஏற்றினேன். கதவு திறந்த பிறகும் பாட்டில் இரண்டு நிமிடம் மிச்சமிருந்தது. அந்த இரண்டு நிமிடமும் நாங்கள் காலடிச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஒன்றும் கேட்கவில்லை.

கடைசி வார்த்தை முடிந்தது. ராயேன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

அதற்குப் பிறகுதான் வாசலில் ஷூக்கள் நகர்ந்தன. லிஃப்ட் பக்கம் போகாமல் படிக்கட்டில் ஒவ்வொரு படியாக, நிதானமாக இறங்கிப் போயின.

மணி ஐந்து ஐம்பது.

ராயேன் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஆல்பத்தில் யார் யார் என்ன வாசித்தார்கள் என்ற பட்டியலைத் திறந்தாள். காஸ்பாரின் பெயரை என்றைக்கோ அதிலிருந்து நீக்கியிருந்தாள். நாலாவது பாட்டுக்கு நேராக இரண்டு விரலால் தட்டினாள்.

பேஸ்: பூமி.

கதவு: காஸ்பார்.

அனுப்பிவிட்டு முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"நீ அன்னிக்குப் பூட்டிட்டுத்தான் போயிருக்க" என்றாள்.