நோன்புக்காரியின் இடைவேளை

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய மீன் பொதியிடும் கொட்டகையில் மதிய மணி அடிக்கிறது. பெண்கள் கையுறையைக் கழற்றிச் சோற்றுப் பார்சலைப் பிரிக்கிறார்கள். நோன்பு பிடித்திருக்கும் ஜெமீலாவும் பெட்டியொன்றைக் கவிழ்த்து உட்காரப் போகிறாள். "நீங்கள் சாப்பிடேல்லைத்தானே, நிண்டு மீனை வெட்டுங்கோ," என்கிறார் மேற்பார்வையாளர் துவாரகன். தகரக் கூரை வெயிலில் சடசடக்கிறது. "நோன்பெண்டா கால் உளையாதா சேர்? இந்த அரை மணித்தியாலத்துக்கு எனக்கும் சம்பளம் இல்லத்தானே." பக்கத்திலிருக்கும் குணேஸ்வரி பிரித்த பார்சலை மறுபடி மடிக்கிறாள். "அவ இருந்தாத்தான் நாங்கள் சாப்பிடுவம், தம்பி." யாருடைய கையும் சோற்றுக்குப் போவதில்லை. துவாரகன் வெளியே போகிறார். ஜெமீலா உட்கார்ந்து கால்களை நீட்டுகிறாள். காலில் போட்டிருக்கும் சப்பாத்திலிருந்து ஐஸ் தண்ணீர் வடிகிறது. அதன் பிறகே கைகள் சோற்றுக்குப் போகின்றன. குழம்பு வாசம் அவள் பக்கம் போகாதபடி குணேஸ்வரி திரும்பியிருந்து சாப்பிடுகிறாள்.