எதிர்மாடி விளக்கு

"ஏனுங்ணா, இன்னைக்கு ஆறு எரியுதுங்க!"

இடுப்பில் குழந்தையோடு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள் கீதா. எதிர்வீட்டு மாடிக் கைப்பிடிச் சுவரில், தெருவைப் பார்த்து ஒரு பித்தளை விளக்கு. நடுவில் உயரமாய் ஒரு சுடர். இரண்டு பக்கமும் சேர்த்து எட்டுக் கிண்ணம். முதல் நாள் கிண்ணங்களில் ஒன்று எரிந்தது, மறுநாள் இரண்டு.

"எட்டும் எரிஞ்சா என்னங்ணா ஆகும்?"

"அதைத்தான் அம்மணி நானும் ரோசிக்கறேன்" என்றார் பக்கத்து வீட்டுத் திருமலைசாமி. "ஏத்தறது ஆருன்னு பாத்தயல்லோ? மாடி வீட்டம்மாவோட டிரைவர் யூனுஸு."

கோயமுத்தூரில் குண்டு வெடித்துப் பத்து மாதம்தான் ஆகியிருந்தது. குக்கர் விசில் அடித்தாலே அந்தத் தெரு வாசலுக்கு ஓடி வந்துவிடும்.

"மேல குடியிருக்கிற வெளிநாட்டம்மாவ ஒரு வாரமாக் காணோமுங்க."

"இவன் மட்டும் பையத் தூக்கிட்டுப் போறான், ஏத்தறான், எறங்கி வாரான். ஆருக்கோ நாள் கணக்குக் காட்டறான், பாத்துக்க."

சொல்லி வாய் மூடவில்லை, போலீஸ் ஜீப் வந்து நின்றது. மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்த யூனுஸ் அப்படியே நின்றுவிட்டார்.

"பைல ஒயர் இருக்குதுன்னு போன் வந்துச்சு. கொட்டு" என்றார் எஸ்.ஐ.

எண்ணெய் பாட்டில், திரி, தீப்பெட்டி.

"ஒயர் எங்க?"

"எந்த ஒயருங்க?" யூனுஸ் காலிப் பையை உதறிக் காட்டினார். "மேல ரூத் அம்மா இருக்காங்க. கேட்டுப் பாருங்க."

"ஏம்மா, நீங்களும் கூட வாங்க. பொம்பளை இருக்கற எடம்."

குழந்தையைத் திருமலைசாமியிடம் கொடுத்துவிட்டுக் கீதா படியேறினாள்.

கட்டிலில் ரூத். முழங்கால் வரை மாவுக்கட்டு.

அவளுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும்; யூனுஸ்தான் சொன்னார். "தொண்டாமுத்தூர்ல சொட்டுநீர்ப் பாசனம் போட வந்தவங்க, தோப்புல வழுக்கி விழுந்துட்டாங்க. யூதருங்க. எட்டு நாள் பண்டிகை. தெனம் ஒண்ணு சேத்தி ஏத்தோணும், போறவங்க வாரவங்க பாக்கோணும்னு அவங்க முறை. அம்மா படுத்துட்டே மந்திரம் சொல்லுவாங்க, நான் ஏத்துவேன்."

"எல்லாரும் பாக்கற மாதிரிதான் வெக்கணுமா?" என்றார் எஸ்.ஐ.

"பயமா இருந்தா உள்ளயே வெச்சுக்கலாமாமுங்க. உள்ளதான் வெக்கச் சொன்னாங்க. 'நம்ம ஊர்ல உங்களுக்கு என்னங்கம்மா பயம்'னு நாந்தான் வெளிய வெச்சேன்."

ரூத் ஆமாம் என்று தலையாட்டிக் கையெடுத்துக் கும்பிட்டாள். கீதா தரையைப் பார்த்தாள்.

கீழே வந்ததும் எஸ்.ஐ. தொப்பியைச் சரி செய்தார்.

"வெளக்கு விசயம் சரி. ஆனா ஒயரைக் கண்ணால பாத்தேன்னு போன்ல சொல்லியிருக்காங்க. நான் சும்மா விட்டுட்டுப் போக முடியாது. பாத்தவங்க வந்து இல்லைன்னு சொல்லட்டும், இங்கயே விட்டர்றேன். யாரு போன் பண்ணுனது?"

தெருவே திருமலைசாமியைப் பார்த்தது.

"என்னைய எதுக்குங்க பாக்கறீங்க? சத்தியமா நானில்லீங்க!"

"அப்ப ஏறுய்யா ஜீப்புல."

போனால் எப்போது விடுவார்களோ. ஒரு காலை ஜீப்பில் வைத்த யூனுஸ் திரும்பினார்.

"கீதாம்மா, நான் வர நேரமானாலும் ஆகுமுங்க. ரூத் அம்மாவுக்கு ரெண்டு இட்லி மட்டும் குடுத்தனுப்பீருங்க."

கீதா ஓடிப்போய் ஜீப் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரை எறக்கி விடுங்க சார். வெறும் வெளக்குன்னு சொன்னா நீங்க வரமாட்டீங்கன்னு, ஒயரை நாந்தானுங்க சேத்திச் சொல்லிப்போட்டேன்."