பதினோரு மணிக்குப் பன்னிரண்டு

"சரியா பன்னெண்டு மணிக்குத்தான் அந்தக் கடிகாரத்துலேர்ந்து கோலி விழும். பிர்னோ நான் பொறந்து வளர்ந்த ஊரு, எனக்குத் தெரியாதா?" என்றான் லூபோர், பூண்டு சூப்பில் ரொட்டியைத் தோய்த்தபடி.

எதிரே வெண்டுலா பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் ராடிம். மூவருக்கும் ஒஸ்ட்ராவாவில் ஒரே அலுவலகத்தில் வேலை. வருகிற சனிக்கிழமை அந்த இருவர் மட்டும் பிர்னோவுக்கு ஜாலியாகச் சுற்றக் கிளம்புகிறார்கள். லூபோருக்கு வயிறு பற்றி எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? நாலு வருஷமாக வெண்டுலாவை மனசுக்குள்ளேயே காதலித்து வந்தவன் அவன். போன வருஷம் எங்கோ மலையூரிலிருந்து வந்து சேர்ந்த ராடிம், கேன்டீனில் நாலு பேர் பின்னால் நின்றால் சூப் கேட்கக்கூட நாக்கு எழாத ராடிம், அவளைத் தட்டிக்கொண்டு போய்விட்டான்.

"காலைல கோட்டை. அப்புறம் காய்கறிச் சந்தை. அங்கிருந்து பழைய நகர மன்ற வாசல்ல தொங்குற பாடம் பண்ணின முதலை" என்று வெண்டுலா எழுதிக்கொண்டே போனாள். "பன்னெண்டுக்குக் கடிகாரம். ஏன் லூபோர், பன்னெண்டுதானே? அடிச்சுச் சொல்லு."

"அடிச்சுச் சொல்றேன், பன்னெண்டுதான்."

"எதுக்கும் போன்ல ஒரு தடவை பாத்துடட்டுமா?" என்றான் ராடிம்.

"ஊர்க்காரனே எதிர்ல உக்காந்திருக்கான், போன் எதுக்கு?" என்று வெண்டுலா அவன் போனைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். லூபோருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

விஷயம் இதுதான். பிர்னோ சதுக்கத்தில் நிற்கும் கறுப்புக் கல் கடிகாரம் ஒரு நாளைக்கு ஒரே ஒரு கண்ணாடிக் கோலியைத் தரும், அதுவும் பதினோரு மணிக்கு. அந்த ஊர்த் தேவாலயம் பகல் பன்னிரண்டு மணியை அடிப்பதே பதினோரு மணிக்குத்தான். அந்தக் காலத்தில் ஊரை முற்றுகையிட்டு, பன்னிரண்டுக்குள் பிடிக்காவிட்டால் திரும்பிவிடுவேன் என்ற சுவீடன் தளபதியை ஒரு மணி நேரம் முன்னதாக மணியடித்து ஏமாற்றினார்களாம். எதிரியை விரட்ட ஊருக்கு உதவிய அந்த ஒரு மணி நேரம் தனக்கும் உதவட்டுமே என்று லூபோர் நினைத்தான்.

எதிரி என்னவோ லூபோரைத்தான் நம்பினான். முந்தின நாள் லிஃப்டில், ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, சட்டைப்பையிலிருந்து மோதிரத்தையே எடுத்துக் காட்டியிருந்தான்.

"டான்ஸ் விழாவுல ஒரு தடவை, கிறிஸ்துமஸ் சந்தையில ஒரு தடவை கேக்கப் போனேங்க. வாயே வரல. இந்தத் தடவை கோலி அவ கையில விழட்டும், நல்ல சகுனம்னு நெனச்சுக் கேட்டுடுவேன்."

கோலி விழாவிட்டால் சகுனம் இல்லை. சகுனம் இல்லாவிட்டால் மோதிரம் வெளியே வராது. லூபோர் போட்ட கணக்கு இவ்வளவுதான்.

சனிக்கிழமை அவனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அம்மாவைப் பார்க்கிற சாக்கில் பிர்னோவுக்கு ரயிலேறினான். பதினோரு மணிக்குச் சதுக்கத்தில் எள் போட்டால் விழ இடமில்லை. எல்லோரும் கடிகாரத்தின் ஓட்டைகளுக்குள் கையை விட்டுக்கொண்டு முண்டியடிக்க, அவனும் சும்மா கையை விட்டு வைத்தான். இத்தனை வருஷம் கிடைக்காத கோலி அன்றைக்குப் பார்த்து அவன் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எதிர் காபிக் கடையில் வாகாக இடம் பிடித்தான். கூட்டம் கலைந்தது. சரியாகப் பன்னிரண்டுக்கு அவர்கள் இருவரும் கைகோத்தபடி வந்தார்கள்.

ராடிம் ஓட்டைக்குள் கையை விட்டுத் துழாவினான். வெண்டுலாவும் துழாவினாள். ஒன்றும் விழவில்லை. லூபோர் செய்தித்தாளுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

ராடிம் சுற்றுமுற்றும் பார்த்தான். கடிகாரத்தின் பக்கம் ஒரு ஈ காக்காய் இல்லை. சட்டென்று மோதிரத்தை எடுத்து நீட்டி அவள் முன் மண்டி போட்டான்.

வெண்டுலா அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டபோது லூபோரின் கையிலிருந்த செய்தித்தாள் நழுவிக் காபியில் விழுந்தது. ராடிம் அவனைப் பார்த்துவிட்டான். ஓடி வந்து எலும்பு நொறுங்கக் கட்டிக்கொண்டான்.

"நல்லவேளை பன்னெண்டுன்னு சொன்னீங்க! கோலி விழலைன்னா என்னங்க, ஆளே இல்ல பாருங்க, அதான் எனக்கு வாய் வந்துச்சு! இருங்க, மூணு பேருக்கும் ஒயின் சொல்லிட்டு வரேன்." துள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

வெண்டுலா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். மோதிரம் போட்ட கையை லூபோரிடம் நீட்டினாள்.

"கோலியைக் குடு, சட்டைப்பையில புடைச்சுக்கிட்டுத் தெரியுது. பதினோரு மணிக்கே வந்திருப்பியே."

லூபோரின் கை சட்டைப்பைக்குப் போனது. "பதினொண்ணுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"இந்த நாட்டுல அது ராடிமைத் தவிர யாருக்குத் தெரியாது? கூட்டத்தைக் கண்டா அவனுக்கு நாக்கு ஒட்டிக்கும். அதுக்காக நானே போய், ஆளில்லாத நேரத்துல வந்து என்னைக் கேளுன்னா சொல்ல முடியும்?"

அவன் கோலியை எடுத்து அவள் கையில் வைத்தான். "அப்படின்னா என்கிட்ட எதுக்கு நேரம் கேட்டே?"

வெண்டுலா எழுந்து அவன் தோளைத் தட்டினாள்.

"நீ உண்மையைச் சொல்ல மாட்டேன்னு நம்பித்தான்."