நல்வரவு இல்லாத பக்கம்

முதலில் இணையதளம் நின்றது. அடுத்து எண்ணூர் விரைவுச் சாலை நின்றது.

எங்கள் கன்டெய்னர் யார்டுக்குள் நுழைய டிரைவர்கள் போனில் அந்தத் தளத்தைத் திறந்து டோக்கன் எடுக்க வேண்டும். டோக்கன் கிடைக்காத டிரெய்லர் வாசலிலேயே நிற்கும். பின்னால் வருவது அதற்குப் பின்னால் நிற்கும். மதியச் சாப்பாடு முடிவதற்குள் வரிசை கண்ணுக்கெட்டாத தூரம் போய்விட்டது.

வேறு நாளாக இருந்தால் ஒரு டீ குடித்துக்கொண்டே பார்த்திருப்பேன். அன்று அந்தச் சாலையில் ஸ்டானிஸ்லாஸ் வர வேண்டியிருந்தது.

எங்கள் கேட் இன்சார்ஜ். முந்தின நாள் மாரடைப்பில் போய்விட்டார். எர்ணாவூர் வீட்டிலிருந்து காசிமேடு கல்லறைக்குக் கொண்டுபோகும் வழியில் யார்டு வாசலில் ஒரு நிமிடம் நிறுத்துவதாக ஏற்பாடு. நெடுநாள் வேலை பார்த்தவர்களுக்கு இங்கே செய்கிற மரியாதை அது.

விசில் ஊதியே அத்தனை டிரெய்லரையும் சாலையை விட்டு இறக்கிய மனிதர். இப்போது அவருடைய அமரர் ஊர்தி அந்த டிரெய்லர்களுக்கு நடுவே எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தது. இருட்டிவிட்டால் அடக்கம் மறுநாளைக்குத் தள்ளிப்போகும். கல்லறையில் பாதிரியார் காத்திருக்கிறார் என்று போன் வந்தபடி இருந்தது.

யார்டின் கம்ப்யூட்டர்களுக்குப் பொறுப்பு நான். தெரிந்ததைச் செய்தேன். மூன்று சர்வர்களையும் அணைத்துப் போட்டேன். மறுபடியும் அணைத்துப் போட்டேன். அதற்கு மேல் என் சரக்கு தீர்ந்துவிட்டதால் மெர்லினைக் கூப்பிட்டேன்.

மெர்லின் எங்கள் தளத்தைப் பராமரிக்கிற தரமணி கம்பெனிப் பெண். நாங்கள் யாரும் நேரில் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம். முதல் மணியிலேயே எடுத்தாள். வண்டியில் இருக்கிறேன், சொல்லுங்கள் என்றாள். நல்ல நேரம் பார்த்து ஊர் சுற்றக் கிளம்பினாள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன்.

ஆனால் அவள் வேலை செய்கிற விதத்தைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. பதற்றமே கிடையாது. மூன்று சர்வர்களையும் தனித்தனியாகத் திறந்து பார்த்தாள். மூன்றும் ஒழுங்காக ஓடின.

அப்படியானால் கோளாறு அவற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் லோட் பேலன்சரில். வருகிற கூட்டத்தை மூன்று சர்வர்களுக்கும் பிரித்து அனுப்புவது அதன் வேலை. சில நொடிகளுக்கு ஒரு தடவை ஒவ்வொரு சர்வரின் முகப்புப் பக்கத்தையும் அது எட்டிப் பார்க்கும். சரியாக இருந்தால் ஆள் அனுப்பும், இல்லாவிட்டால் அனுப்பாது. அன்று அது மூன்றையுமே செத்ததாகக் கணக்கில் வைத்திருந்தது.

முகப்பில் இன்றைக்கு என்ன மாற்றினீர்கள் என்று கேட்டாள். ஒன்றுமில்லை, எங்கள் ஸ்டானிஸ்லாஸ் படம் போட்டுக் கண்ணீர் அஞ்சலி வைத்தோம், அவ்வளவுதான் என்றேன்.

பக்கத்தைத் திறந்தாள் போலிருக்கிறது. வெகுநேரம் பேச்சே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று இரண்டு தடவை ஹலோ சொன்னேன். பிறகு, பக்கத்தின் உச்சியில் ‘நல்வரவு’ என்று இருக்குமே, அது எங்கே என்றாள்.

அதை எடுக்கச் சொன்னவர் முதலாளி சங்கரநாராயணன். காலையில் பக்கத்தைப் பார்த்ததும் முகம் சுளித்தார். துக்கத்துக்கு வருகிறவர்களைப் பார்த்து அவர் ஊரில் யாரும் வா என்று கூப்பிட மாட்டார்களாம். எங்கள் ஊரிலும் அப்படித்தான். நியாயமாகப் பட்டது, எடுத்துவிட்டேன்.

லோட் பேலன்சர் இத்தனை நாளும் தேடிக்கொண்டிருந்தது அந்த ஒரு வார்த்தையைத்தான். அது இருந்தால் சர்வர் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். மெர்லினுக்கு முன்னால் இந்த வேலையில் இருந்த யாரோ ஒரு புண்ணியவான் அப்படி அமைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வார்த்தையைத் திரும்பப் போட்டால் தீர்ந்தது, அரை நிமிட வேலை என்று சொல்லிக்கொண்டே கீபோர்டை இழுத்தேன்.

“வேணாம் சார். சாவு வூட்டு வாசல்ல அந்த வார்த்த வேணாம். நா வேற வழி பண்றேன்.”

எனக்கு எரிச்சலான எரிச்சல். பெரியவர் நடுரோட்டில் கிடக்கிறார், இவள் சம்பிரதாயம் பார்க்கிறாள்.

அடுத்துச் செய்ததைப் பார்த்தபோது அந்த எரிச்சல் போன இடம் தெரியவில்லை. ஒவ்வொரு சர்வரிலும் சின்னதாகத் தனிப் பக்கம் ஒன்று வைத்தாள். மனிதர் யாரும் போகாத பக்கம். படமோ வரவேற்போ அதில் இல்லை. சர்வர் வேலை செய்கிறதா, தகவல்களை எடுத்துத் தருகிறதா என்பதற்கு மட்டும் பதில் சொல்லும். இனி முகப்பைப் பார்க்காதே, இதைப் பார் என்று லோட் பேலன்சரைத் திருப்பிவிட்டாள். அதையும் முதலில் ஒரு சர்வரில் செய்து, பொறுத்துப் பார்த்து, பிறகுதான் மற்ற இரண்டையும் தொட்டாள். இந்த நிதானம் எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது.

நடுநடுவே, ரோட்டில் வண்டி நகருகிறதா என்று கேட்டாள். இந்த வேலையில் இருப்பவர்கள் புகாரை முடித்துவிடலாமா என்றுதான் கேட்பார்கள். ரோட்டைப் பற்றி ஒருத்தரும் கேட்டதில்லை. நான் ஜன்னலுக்கு ஓடி ஓடிப் பார்த்துச் சொன்னேன்.

திரையில் மூன்றும் பச்சைக்கு மாறின. டிரைவர்களின் போனில் டோக்கன் விழுந்தது. எஞ்சின்கள் உறுமின. ஒன்றன்பின் ஒன்றாக டிரெய்லர்கள் உள்ளே வர, தார் ரோடு கண்ணில் பட்டது. நீ பெரிய ஆள் அம்மா என்று வாய்விட்டே சொன்னேன். அவள் நன்றி சார் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

வெயில் இருக்கும்போதே அமரர் ஊர்தி வந்து நின்றது. முதலாளி மாலை போட்டார். கடைசியாக ஒரு தடவை பார்க்கலாம் என்று ஊர்தியின் கண்ணாடிக்குப் பக்கத்தில் போனேன்.

மூடிய பெட்டியின் மேல், மாலைகளை ஒதுக்கிய இடத்தில், ஒரு மடிக்கணினி திறந்திருந்தது. அதன் முன்னால் அழுது வீங்கிய முகத்தோடு ஒரு பெண். என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். அந்தக் குரலை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும்.

“ஷிபின் சாரா? ஒரு மணி நேரம் போன் எடுக்க மாட்டேன் சார். நைனாவ மண்ணுல வச்சிட்டு வந்துர்றேன்.”