சம்மாந்துறையான் கொடுத்த பொட்டலம்

மருதமுனை அணித் தலைவன் முத்தலிப் தன் கண்ணாலேயே பார்த்தான். கல்முனை பஸ் நிலையத்தில், சம்மாந்துறை அணித் தலைவன் அப்துல் கபூர் தன் பெல்பொட்டம் காற்சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மக்கீனின் கையில் திணித்தான். மக்கீன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அதைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டான்.

விடிந்தால் உதைபந்தாட்ட இறுதி ஆட்டம். மருதமுனையும் சம்மாந்துறையும் மோதுகின்றன.

மக்கீன் மருதமுனைக்குக் கோல் அடிப்பவன். முழுக் குர்ஆனையும் மனனம் செய்த ஹாபிஸ் வேறு. அவனே விலைபோய்விட்டான் என்றால் இனி யாரை நம்புவது? இந்த முறை கப்பு வராவிட்டால் தலைமையை விட்டுவிடுகிறேன் என்று ஊரின் நெசவுத் தறிக் கொட்டில் ஒவ்வொன்றிலும் சொல்லித் திரிந்த முத்தலிப் இதைச் சும்மா விடுவதாயில்லை.

மறுநாள் மைதானத்தில் மக்கீனைத் தனியே கூப்பிட்டான்.

"நேத்து கபூர் தந்த பொட்டலத்தில என்ன இரிந்த?"

மக்கீனின் முகம் சிவந்தது. "அதுவா முத்தலிப் காக்கா... விளையாடி முடியச் செல்றன். இப்ப சென்னாப் பொடியனுகள் சிரிப்பானுகள்."

"சிரிக்கிற சாமானா அது? நீ இண்டைக்கு வெளிய இரி!"

இடைவேளைக்குள் சம்மாந்துறை ஒரு கோல் போட்டுவிட்டது. "மக்கீன இறக்கு!" என்று ஊரே கத்தியது. முத்தலிப்புக்கு வேறு வழியில்லை.

"இறங்கு. ஆனா அல்லாஹ் பார்த்துக்கிட்டிரிக்கான்!"

மக்கீன் அந்தப் பக்கம் திரும்பி எதையோ வாய்க்குள் போட்டுக்கொண்டு ஓடினான். பந்து கேட்பதற்கும் "ம்... ம்..." என்றுதான் சத்தம். ஆனாலும் வந்ததும் வராததுமாக ஒரு கோல் அடித்துச் சமன் செய்தான். முத்தலிப்புக்கு ஒன்றும் விளங்கவில்லை. விலைபோனவன் இப்படியா விளையாடுவான்?

ஆட்டம் முடியப்போகிற நேரம் பந்து உயர்ந்து வந்தது. மக்கீன் பாய்ந்தான். கூடவே சம்மாந்துறை மீராமுகைதீனும் பாய்ந்தான். அவன் முழங்கைக்கு முன்பல்லைப் பறிகொடுத்தவர்கள் ஊருக்கு ஒருவராவது உண்டு. அதே முழங்கை மக்கீனின் வாயில் 'டொக்' என்று விழுந்தது.

பந்து கோலுக்குள். மக்கீன் மண்ணில்.

முத்தலிப் கோலையும் மறந்து ஓடினான். அவனுக்கு முன்னால் ஓடிப்போய் நின்றவன் அப்துல் கபூர்!

"ஹாபிஸ், வாயத் தொறங்க!"

மக்கீன் வாயைத் திறந்து ஒரு ரப்பர்த் துண்டைத் துப்பினான். பற்கள் அத்தனையும் வரிசை குலையாமல் இருந்தன.

"அல்ஹம்துலில்லாஹ்!" கபூர் போட்ட சத்தத்தில் மருதமுனையின் வெற்றிக் கூச்சலே அடங்கிப்போனது.

"என்ன இது?" என்றான் முத்தலிப்.

"குத்துச்சண்டைக்காரர் பல்லுக்குக் காவலா வைக்கிற ரப்பர். நேத்து நான் குடுத்த பொட்டலம் இதுதான்."

"எங்கட ஆள்ர பல்லுல ஒங்களுக்கென்ன அக்கறை? கப்பும் போயிட்டே!"

"கப்ப அடுத்த வருசம் எடுக்கலாம் முத்தலிப். அடுத்த கிழமை நோன்பு. எங்கட பள்ளிவாசல்ல நோன்பு ராவெல்லாம் முழுக் குர்ஆன ஓதித் தராவீஹ் தொழுவிக்கப் போன கிழமையே ஹாபிஸப் பேசி முடிச்சம். முன்பல்லு இல்லாம ஓதினா அரபு எழுத்து வாயில சரியா வருமா?"

முத்தலிப்பை வெட்கம் பிடுங்கித் தின்றது. மக்கீனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஆத்திரத்தை எங்கே கொட்டுவதென்று தெரியாமல் மீராமுகைதீன் பக்கம் திரும்பினான்.

"ஒங்கட பள்ளிக்கு ஓத வாற மனிசனெண்டு தெரிஞ்சுமாடா இந்த இடி இடிச்சாய்?"

மீராமுகைதீன் முழங்கையைத் தடவிக்கொண்டே சிரித்தான்.

"பந்தக் கண்டா இந்தக் கை என்ட சொல்லுக் கேக்காது காக்கா. அதாலதான் நானே கொழும்புக்குப் போய் அந்த ரப்பர வாங்கி வந்தன்."