லேபிளில் இருந்த பெயர்

கும்மிடிப்பூண்டியில் வேர்க்கடலை பேக்கிங் செய்யும் ஒரு கம்பெனியின் லேபிள் அறையில், ஜெபா கையில் ஒரு பாக்கெட்டைப் பிடித்தபடி அசையாமல் நிற்கிறாள். மூன்று வருடமாகப் பக்கத்து அறையில் கடலையைத் தரம் பிரிப்பவள் அவள். லேபிள் ஒட்டுகிறவள் இன்று வராததால் இங்கே அனுப்பியிருக்கிறார்கள். கூரையில் பதித்த கண்ணாடி வழியே விழும் பதினொரு மணி வெயிலில், பாக்கெட்டுக்குள் பச்சைப் பூசணம் பிடித்த கடலைகள் தெளிவாகத் தெரிகின்றன. நேற்று அவளே முகர்ந்து பார்த்து, சிவப்பு மையில் ‘கழிவு’ என்று எழுதித் தள்ளிவைத்த கோணி மேஜைக்கடியில் காலியாகக் கிடக்கிறது. லேபிளில் ‘முதல் தரம்’ என்றிருக்கிறது. அதற்குக் கீழே, ‘தரம் பார்த்தவர்: ஜெபா’. “இன்னா சார் இது? நான் கழிச்சுப் போட்டதாச்சே!” சூப்பர்வைசர் ஹேமநாத் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “ரூல்படி யாரு பேராவது போடணும்மா. ஒன் பேர போட்டுட்டேன். ஒட்டிக்கினே இரு, ஹாஸ்டல் வண்டி வெளிய நிக்குது.” “புள்ளைங்க துன்றதா சார்?” பெல்ட் கிறீச்சிட்டபடி அடுத்தடுத்த பாக்கெட்டுகளைக் கொண்டுவருகிறது. லேபிள் சுருள் முழுக்க அவள் பெயர். ஜெபா சுவரிலிருக்கும் பெல்ட் சுவிட்சை அணைக்கிறாள். திடீர் அமைதியில், பெல்ட்டை ஒட்டி வேலை செய்யும் எட்டுப் பெண்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். கையிலிருந்த பாக்கெட்டைக் கிழித்துத் தரையில் கொட்டுகிறாள். பிறகு அடுத்ததை எடுக்கிறாள்.