கடைசி நாற்காலிக்குக் கீழே

"கடைசியாக் கேக்கறேன். எடுத்தீங்களா, இல்லையா?"

ஒத்திகை அறையில் மேடை மேனேஜர் கையை நீட்டியபடி நின்றார். துப்புரவு வேலை பார்க்கும் ரேடியோக்கா, மேல்சட்டைப் பைக்குள் கைவிட்டு டிராம்போன் என்ற பித்தளைக் குழலில் வாய் வைத்து ஊதும் மவுத்பீஸை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அரை மணி நேரமாக மொத்த அரங்கமும் சல்லடை போட்டுத் தேடிய சாமான்!

"எடுத்தேன்" என்றாள், மொட்டையாக.

பதினான்கு நாட்டுக் குழுக்கள் வந்திருந்த பித்தளை வாத்திய விழா. இன்று கடைசி நாள். சொந்த ஊர்க் குழு மேடையேற இன்னும் இருபது நிமிடம்தான். அதில் டிராம்போன்காரருக்குத் தனி வாசிப்பு. மவுத்பீஸ் இல்லாத டிராம்போனில் துணிதான் உலர்த்தலாம். இரவல் வாங்கலாம் என்றால், அடுத்தவர் மவுத்பீஸ் அடுத்தவர் செருப்பு மாதிரி. நடக்கலாம், ஓட முடியாது.

ரேடியோக்கா என்பது அங்கே எல்லோரும் வைத்த பெயர். வாயை அணைக்கவே முடியாது. நான்கு நாளாகத் தரையைப் பற்றியே புலம்பல். ஊதுகிறவர்களின் மூச்சு குழாய்க்குள் குளிர்ந்து தண்ணீராகச் சேரும். அடியில் இருக்கும் சின்ன மூடியைத் திறந்து அதை அப்படியே தரையில் விட்டுவிடுவார்கள். ஒத்திகை அறையில் நாற்காலிக்கு ஒரு குட்டை.

"அத்தனையும் எச்சில் சார்!"

"எச்சில் இல்லக்கா. மூச்சு."

"மூச்சு நானும்தான் விடறேன். எனக்கு யாரு துடைக்கறாங்க?"

நேற்றுக் காலையில் வேறொரு ராகம். "சார், கடைசி நாற்காலிக்குக் கீழ ஒரே ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க."

"துடைக்கறது உங்க வேலை. குனிஞ்சு பாக்கறதும் என் தலையிலயா?"

அதற்கப்புறம் அந்த நாற்காலிக்குக் கீழே மட்டும் ஒரு தடித்த கறுப்புத் துணி வந்து உட்கார்ந்துகொண்டது. அது டிராம்போன்காரரின் இடம். "அவருக்கு மட்டும் என்னக்கா ஜமக்காளம்?" என்று மேனேஜர் கேட்டபோது ரேடியோ பதில் பேசவில்லை. அதுவே அதிசயம்.

ஜமக்காளம் விரித்துவிட்டுத்தான் திருடியிருக்கிறாள்!

"எந்தக் குழுக்காரன் தூண்டிவிட்டான்? சொல்லுங்க."

"ஏன் எடுத்தேன்னு அவரே சொல்லட்டும் சார்."

அறையில் இருந்த குழுவினர் எல்லோரும் டிராம்போன்காரரைப் பார்த்தார்கள். அவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். வந்த நாளிலிருந்தே விடாத இருமல். கேட்டால், ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்பார்.

"உங்களுக்கு ஏதாவது தெரியுமாண்ணே?"

அவர் தரையைப் பார்த்தார். "எனக்கென்ன தெரியும்? சாமான் கிடைச்சிடுச்சு. விடுங்க சார், நான் வாசிக்கணும். இருபத்தஞ்சு வருஷமா பின்வரிசையிலயே உக்காந்திருந்தவன். இன்னைக்குத்தான் எந்திரிச்சு நிக்கச் சொல்லியிருக்காங்க."

"வேண்டாங்க" என்றாள் ரேடியோக்கா, மெதுவாக. "இன்னைக்கு வேண்டாம்."

மேனேஜருக்குச் சுர்ரென்று ஏறியது. "அவர் வாசிக்கணுமா வேண்டாமான்னு நீங்க யாரு சொல்ல? நாளையிலேர்ந்து இந்தப் பக்கமே வராதீங்க. போங்க."

ஒன்பது வருட வேலை. அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தார். மேல்சட்டையைக் கழற்றி மடித்து, வாளியின் கைப்பிடியில் போட்டாள். டிராம்போன்காரரை ஒரு முறை பார்த்தாள். அவர் நிமிரவே இல்லை.

வாசல்வரை போனவள் திரும்பினாள். "அந்தக் கறுப்புத் துணியை வேற யார் கையிலயும் குடுத்துடாதீங்க சார். நீங்களே அலசிப் போட்டுடுங்க."

போகிற போக்கில் எனக்கே வேலை ஏவுகிறாளே! மேனேஜர் ஆத்திரத்தோடு வாளியை ஓரமாகத் தள்ளினார்.

மவுத்பீஸைத் தன் சட்டை நுனியால் பளபளவென்று துடைத்து டிராம்போன்காரரிடம் கொடுத்தார். முதுகில் தட்டினார்.

"போங்கண்ணே. மூச்சை மிச்சம் வைக்காம ஊதுங்க. நம்ம ஊர் மானம் உங்க கையிலதான்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அடுத்து வேறு நாட்டுக் குழு அதே அறைக்கு வர வேண்டும். தரை முழுக்க ஈரம். ஆளை விரட்டியாயிற்று, இனித் துடைப்பது யார்? மேனேஜர் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தானே இறங்கினார். நாலு நாற்காலி தாண்டுவதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று.

சுவர் ஸ்பீக்கரில் மேடைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. டிராம்போன் தனியே எழுந்தது. அடேயப்பா, என்ன வாசிப்பு! ஸ்வரம் ஒவ்வொன்றும் நிறைந்து நின்றது. இதையா கெடுக்கப் பார்த்தாள் பாவி!

ஒவ்வொரு நாற்காலியாகத் துடைத்துக்கொண்டு கடைசிக்கு வந்தார். கறுப்புத் துணி கனத்துப் போயிருந்தது. வாளிக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பிழிந்தார்.

சிவப்பாக ஒழுகியது.

சாயமா? கறுப்புத் துணியில் சிவப்புச் சாயம் எங்கிருந்து வரும்? விரலை மூக்கருகே கொண்டுபோனார். ரத்தம். மறுபடி பிழிந்தார். மறுபடியும் ரத்தம். வாளித் தண்ணீர் முழுக்கச் சிவந்துவிட்டது.

ஸ்பீக்கரில், மேனேஜர் சொல்லி அனுப்பியபடியே, மூச்சை மிச்சம் வைக்காமல் ஊதிக்கொண்டிருந்தார் டிராம்போன்காரர்.